உணவைப் பற்றி ஆங்கிலத்தில் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழில் ‘சாப்பிடு’ என்ற ஒரே வினைச்சொல் போதும். பழம் சாப்பிடுகிறோம், காபி சாப்பிடுகிறோம், காய்ச்சல் வந்தால் மாத்திரையும் சாப்பிடுகிறோம். ஆங்கிலம் அப்படி விடாது. என்ன சாப்பிடுகிறோம், எப்படிச் சாப்பிடுகிறோம் என்று பார்த்து வினையை மாற்றிக்கொள்ளும். உணவைப் பற்றிய பேச்சில் நாம் சறுக்கும் இடங்களில் பாதி இங்கேதான் இருக்கின்றன.

மாத்திரை, டானிக் எதுவானாலும் ‘டேக்’ என்றே சொல்ல வேண்டும். ‘ஐ ஏட் எ டேப்லெட்’ என்றால் டாக்டருக்குப் புரியும், ஆனால் காதில் இடறும். சூப்புக்கு இரண்டும் உண்டு: கிண்ணத்திலிருந்து ஸ்பூனால் எடுத்தால் ‘ஈட்’, கோப்பையோடு வாயில் வைத்துக் குடித்தால் ‘டிரிங்க்’. எது சரி என்று தடுமாறும்போது, மருந்து நீங்கலாக, ‘ஹேவ்’ எல்லாவற்றுக்கும் கைகொடுக்கும். ஹேவ் எ காபி, ஹேவ் சம் சூப், ஹேவ் லஞ்ச் என்று தயங்காமல் சொல்லலாம். இந்த ‘ஹேவ்’ செயலைக் குறிப்பதால் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரியான வாக்கியம். அதைப் பார்த்துவிட்டு ‘ஐ ஆம் ஹேவிங் எ கார்’ என்று போய்விடக் கூடாது. அது உடைமை, அங்கே ‘ஐ ஹேவ் எ கார்’ மட்டும்தான்.

இன்னொரு சின்ன விஷயம், சாப்பாட்டு வேளைகளின் பெயருக்கு முன்னால் பொதுவாக ‘எ’ வராது. ‘ஹேவ் எ லஞ்ச்’ தவறு. எப்படிப்பட்ட சாப்பாடு என்று ஓர் அடைமொழி சேர்ந்தால் மட்டும் வரும்: ‘எ லைட் லஞ்ச்’, ‘எ ஹெவி பிரேக்ஃபாஸ்ட்’.

சமையலில் ஒரு பழைய பொறி. சமைப்பவர் ‘குக்’, அடுப்போ பாத்திரமோதான் ‘குக்கர்’. ‘மை மதர் இஸ் எ குட் குக்கர்’ என்றால் அம்மாவை அடுப்பாக்கிவிடுகிறோம். டீயையும் சாலட்டையும் ‘குக்’ செய்வதில்லை, ‘மேக்’ செய்கிறோம்.

வயிறு நிறைந்ததைச் சொல்வதில் நடக்கும் பிழை உறவையே கெடுக்கக்கூடியது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ‘ஃபெட்’ என்பது ஊட்டுவதன் இறந்தகாலம் என்று தெரிந்த ஒருவர், விருந்துக்கு அழைத்தவரிடம் ‘ஐ ஆம் ஃபெட் அப்’ என்று சொல்கிறார் என்று வையுங்கள். அவர் சொல்ல வந்தது வயிறு நிறைந்தது என்பது. கேட்டவர் காதில் விழுவது ‘எனக்கு வெறுத்துப்போச்சு’ என்பது. ‘ஐ ஆம் ஃபுல், தேங்க் யூ’ என்றால் எந்த ஆபத்தும் இல்லை. ‘ஐ ஹேவ் ஹேட் இனஃப், தேங்க்ஸ்’ என்பதும் நல்ல வாக்கியம்தான், ஆனால் அந்த ‘தேங்க்ஸ்’ விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ‘போதும்’ போலவே அதற்கும் ‘பொறுத்தது போதும்’ என்ற இன்னொரு முகம் உண்டு. நன்றி சேராமல் கடுத்த குரலில் வந்தால் அந்த முகம்தான் தெரியும்.

‘ஹாட்’ என்றால் சூடா காரமா என்று கேட்பவர் குழம்புவார். காரத்துக்கு ‘ஸ்பைசி’ என்றால் குழப்பம் குறையும். ‘டேஸ்ட்ஃபுல்’ சுவையைச் சொல்வதல்ல, உடையிலும் அலங்காரத்திலும் உள்ள ரசனையைச் சொல்வது. சாப்பாடு ‘டேஸ்டி’. சமைக்காத இறைச்சி ‘ரா’, லேசாக மட்டும் வாட்டியது ‘ரேர்’. உச்சரிப்பில் இரண்டை மட்டும் சொல்கிறேன்: சமையல் குறிப்பு ‘ரெசிபி’, கடை ரசீது ‘ரிசீட்’, அதில் எழுத்தில் இருக்கும் ‘ப்’ ஒலிக்காது.

மரபுத்தொடர்கள்தான் எனக்கு மிகப் பிடித்த பகுதி, மிக அதிகமாகக் கவனம் கேட்பதும் அதுதான். அவற்றை இஷ்டத்துக்கு வளைக்க முடியாது. மிக எளிது என்பதற்கு ‘எ பீஸ் ஆஃப் கேக்’. கேக்குக்குப் பதில் பிரெட் வைத்தால் பொருளே போய்விடும். எழுதிய தேர்வுகள் பல என்றாலும் ‘தி எக்ஸாம்ஸ் வேர் எ பீஸ் ஆஃப் கேக்’ என்று ஒருமையிலேயே நிற்கும்.

நம் மரபுத்தொடரை அப்படியே பெயர்ப்பது அடுத்த வம்பு. ‘தலைக்கு மேல வேலை’ என்பதை ‘ஓவர் மை ஹெட்’ ஆக்கினால், விஷயம் எனக்கு எட்டவில்லை, புரியவில்லை என்று அர்த்தமாகிவிடும். ஆங்கிலத்தில் வேலை குவிவது தலையில் அல்ல, தட்டில்: ‘ஐ ஹேவ் எ லாட் ஆன் மை பிளேட்’. அதேபோல், வார்த்தைகளை முழுங்கிப் பேசுகிறவரை ‘ஹி ஈட்ஸ் ஹிஸ் வேர்ட்ஸ்’ என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னது தப்பென்று ஒப்புக்கொண்டு பின்வாங்குவதைக் குறிக்கும் தொடர் அது. முழுங்கிப் பேசுவது ‘மம்பிள்’.

‘சவர் கிரேப்ஸ்’ நமக்குப் புதிதல்ல. ஈசாப்பின் நரி ‘சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்’ என்று சொன்ன அதே கதைதான். ஆனால் பலர் இதை வெறும் பொறாமைக்குப் பயன்படுத்துகிறார்கள். அண்டை வீட்டார் புது வண்டி வாங்கியதைப் பார்த்து வயிறெரிவது சவர் கிரேப்ஸ் ஆகாது. வேலைக்கு விண்ணப்பித்து, கிடைக்காமல் போனபிறகு ‘அந்தக் கம்பெனியே சரியில்லை’ என்று சொன்னால்தான் ஆகும்.

சொல் சரியாக இருந்தும் நாடு மாறினால் தட்டில் வேறொன்று வந்து நிற்கலாம். பிரிட்டனில் ‘சிப்ஸ்’ கேட்டால் அமெரிக்கர்கள் ‘ஃபிரைஸ்’ என்னும் சூடான உருளைக்கிழங்குத் துண்டுகள் வரும்; பாக்கெட்டில் அடைத்த மொறுமொறுப்பான வறுவலுக்கு அங்கே ‘கிரிஸ்ப்ஸ்’. அமெரிக்க ‘பிஸ்கட்’ மெத்தென்ற சிறு ரொட்டி. நமக்குத் தெரிந்த பிஸ்கட்டை அங்கே ‘குக்கி’ என்றோ ‘கிராக்கர்’ என்றோ கேட்க வேண்டும். மெனு அட்டையில் ‘ஆன்ட்ரே’ என்று இருந்தால் அமெரிக்காவில் அது முக்கிய உணவு, ஆஸ்திரேலியாவில் அதற்கு முன்னால் வரும் சிறு பதார்த்தம். ஆர்டர் கொடுப்பதற்கு முன் ‘இஸ் திஸ் தி மெயின் கோர்ஸ்?’ என்று கேட்டுவிடுங்கள்.