ஆச்சி எங்கே போனார் என்று பிள்ளை கேட்டால்

ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவர்களுக்குக் கையேடு கிடைக்கும், பாட்டுப் புத்தகம் கிடைக்கும், வண்ணப் படங்கள் கிடைக்கும். இறந்துபோன இந்துப் பாட்டி நரகத்துக்கா போனார் என்று ஒரு பையன் எழுந்து நின்று கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் யாரும் எழுதித் தருவதில்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்துச் சபையில் 26 ஆண்டுகளாகப் பாடம் எடுக்கிறேன். இந்தக் கேள்வி என்னிடம் நான்கைந்து முறை வந்திருக்கிறது. முதல் முறை கெடுத்துவிட்டேன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

பையனுக்குப் பதினொரு வயது. அம்மா கல்யாணத்துக்குப் பிறகு சபையில் சேர்ந்தவள். அம்மாவைப் பெற்ற ஆச்சி கடைசிவரை திருச்செந்தூர் முருகனை விட்டவர் அல்ல. மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பன்னீர் இலையில் மடித்த திருநீற்றோடு வருவார். அதே ஆச்சிதான் ஞாயிறுதோறும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பேரனின் காணிக்கைக்கு இரண்டு ரூபாய் நாணயம் எடுத்துக் கொடுப்பார். கோயிலுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அவர் கட்சி. எந்தக் கோயில் என்பது இரண்டாம் பட்சம்.

அவர் இறந்த இரண்டாவது வாரம் பையன் கேட்டான். நான் கரும்பலகையில் நோவாவின் பேழையை வரைந்துகொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆச்சி இயேசுவை ஏற்றுக்கொண்டார்களா, தம்பி?" என்றேன். இல்லை என்று தலையசைத்தான். நான் மறுபடியும் பேழைக்குத் திரும்பிவிட்டேன். பதில் சொல்லாமல் தப்பித்துக்கொண்டதாக எனக்கு நினைப்பு. அவனுக்கோ பதில் கிடைத்துவிட்டது. மூன்று ஞாயிறு வரவில்லை.

ஆகவே, முதல் வேலை: சாக்குக்கட்டியைக் கீழே வையுங்கள். வகுப்பு நடுவில் பதில் சொல்லத் தேவையில்லை. "பாடம் முடிந்ததும் நாம் இருவரும் பேசுவோம்" என்று சொல்லி, சொன்னபடி உட்காருங்கள். மற்ற பிள்ளைகள் முன்னால் சொன்னால் உங்கள் பதில் தெருவில் போய் வேறொன்றாகத் திரும்பிவரும்.

உட்கார்ந்தபின் உடனே வசனத்தை எடுக்காதீர்கள். ஆச்சியைப் பற்றிக் கேளுங்கள். அடக்கம் எப்படி நடந்தது, யார் யார் வந்தார்கள், நீ என்ன செய்தாய் என்று கேளுங்கள். நான் அவன் வீட்டுத் திண்ணைக்குப் போய் இதைக் கேட்டபோதுதான் உண்மையான கேள்வி வெளியே வந்தது. பேரன்கள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும் என்று மாமா சொல்ல, இவனும் பிடித்திருக்கிறான். சுடுகாடுவரை போய்ச் சிதையில் தீ ஏறுவதையும் பார்த்திருக்கிறான். "ஆச்சி ஒருமுறை எரிந்துவிட்டார்கள் டீச்சர். மறுபடியும் எரிவார்களா?" என்றான். பிறகு மெதுவாக, "நான் பந்தம் பிடித்ததால்தானா?" என்றான்.

நான் பேழை வரைந்துகொண்டிருந்த நேரத்தில் அவன் சுமந்துகொண்டிருந்தது இதை. இரண்டாவது கேள்வி வரும்வரை பொறுத்திருங்கள். அதற்கு நேராகப் பதில் சொல்லலாம்: இல்லை, உன்னால் எதுவும் இல்லை, நீ உன் ஆச்சிக்கு மரியாதை செய்தாய். இதில் தயங்க எதுவும் இல்லை.

முதல் கேள்விதான் கடினம். இரண்டு பக்கமும் வழுக்கும். "ஆச்சி பரலோகத்தில்தான் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டால் அழுகை நிற்கும்; ஆனால் பதினைந்து வயதில் ஏதாவது கன்வென்ஷன் பந்தலில் வேறு பிரசங்கம் கேட்டுவிட்டு, நீங்கள் பொய் சொன்னதாக நினைப்பான். "நரகம்தான்" என்று சொல்லும் அதிகாரமோ உங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

அப்படிச் சொன்ன பெரியவர்கள் உண்டு. நம் முத்துக்குளித்துறையில் 1542 முதல் ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியார் பிறகு ஜப்பானுக்குப் போனார். திரும்பி வந்து 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதே கேள்வி இருக்கிறது. புதிதாகக் கிறிஸ்தவர்களான ஜப்பானியர்கள், இறந்துபோன தாய் தகப்பன்களை ஜெபத்தாலோ தர்மத்தாலோ மீட்க முடியாதா என்று அழுதார்கள். முடியாது என்று சவேரியார் சொன்னார். அவர்கள் அழுவதைப் பார்த்துத் தனக்கும் துக்கம் வந்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். மணப்பாட்டில் அவர் தங்கிய குகைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடிதம்தான் ஞாபகம் வருகிறது. பதில் அவருக்கே பாரமாக இருந்திருக்கிறது.

இனி வேதாகமம். துண்டு வசனமாக எடுக்காமல் மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தை 38-ஆம் வசனத்திலிருந்து கடைசிவரை பிள்ளையோடு சேர்ந்து வாசியுங்கள். புழு சாவாது, அக்கினி அவியாது என்ற பயங்கரமான வசனம் அங்கேதான் இருக்கிறது. அதை ஒளிக்காதீர்கள், அவன் ஏற்கெனவே கேட்டிருப்பான். ஆனால் அதற்குச் சில வசனங்கள் முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம்மைச் சேராத ஒருவன் பேய் துரத்துகிறான், தடுத்தோம் என்று யோவான் சொல்கிறார். தடுக்கவேண்டாம் என்கிறார் இயேசு. அடுத்து, கிறிஸ்துவினுடையவர்கள் என்பதற்காக உங்களுக்கு ஒரு கலசம் தண்ணீர் கொடுப்பவன் தன் பலனை அடையாமல் போவதில்லை என்கிறார். இந்த இடத்தில் நிறுத்தி, முந்தானை முடிச்சு மாதிரி ஏதாவது இருந்ததா என்று பிள்ளையிடம் கேளுங்கள். இருந்திருக்கும். விளக்கம் சொல்ல வேண்டாம். அவனே சேர்த்துப் பார்த்துக்கொள்வான்.

அடுத்த வசனம் நமக்கு. சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லை, அதாவது மாவரைக்கும் திரிகைக் கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் தள்ளுவது நலம். அந்த அதிகாரத்தில் நெருப்பைப் பற்றிய எச்சரிக்கை யாருக்குச் சொல்லப்படுகிறது? ஊரில் இருக்கும் ஆச்சிகளுக்கு அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து, தங்களில் யார் பெரியவன் என்று வாதாடிவிட்டு வந்த சீஷர்களுக்கு. இதைக் கவனித்த நாளில் எனக்கு வேர்த்துவிட்டது.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு வார்த்தைகளைப் பிரித்துக் காட்டலாம். மாற்கில் 'நரகம்' என்று நாம் வாசிப்பது மூலத்தில் 'கெஹென்னா', எருசலேமுக்குத் தெற்கே இருக்கும் இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர். பிள்ளைகளை நெருப்பில் பலியிட்ட இடம் என்று எரேமியா அதைக் கண்டிக்கிறார். (ஊர்க் குப்பை எரித்த இடம் என்று பிரசங்கங்களில் சொல்வார்கள். அதற்குக் கிடைக்கும் சாட்சி ஏறத்தாழ கி.பி. 1200-ஐச் சேர்ந்தது, வகுப்பில் அதைச் சத்தியமாகச் சொல்லாதீர்கள்.) லூக்காவில் இயேசு சொல்லும் ஐசுவரியவான்–லாசரு கதையில் வருவது 'பாதாளம்'. அதே பாதாளத்தைப் பற்றித்தான் 139-ஆம் சங்கீதம், அங்கே படுக்கை போட்டாலும் நீர் அங்கேயும் இருக்கிறீர் என்கிறது.

சபை முழுவதும் எப்போதும் ஒரே குரலில் பேசியதில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். நாலாம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி என்ற பிஷப், கடைசியில் எல்லாரும் சீர்ப்படுவார்கள் என்று நம்பினார். அகஸ்தீன் என்ற இன்னொரு பிஷப் அப்படிப்பட்ட நம்பிக்கையை உறுதியாக மறுத்தார். தங்கள் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடுபவர்களும் மீட்படையலாம் என்று கத்தோலிக்கர்களின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் எழுதியது. பதினொரு வயதுப் பையனுக்கு இது எதுவும் வேண்டாம். கேட்கிற வாலிபர்களுக்குச் சொல்லுங்கள்.

கடைசியில் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்து, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், டீச்சர்?" என்று கேட்பான். நான் சொன்னது இதுதான்: "எனக்குத் தெரியாது, தம்பி. இரட்சிக்கப்படுகிறவர்கள் சிலபேர்தானோ என்று ஒருவர் இயேசுவிடமே கேட்டார். அவர் எண்ணிக்கை சொல்லாமல், நீ உள்ளே வரப் பார் என்றார். உன் ஆச்சியை உன்னைவிட அவர் அதிகம் நேசிப்பார் என்று நான் நம்புகிறேன்." நம்புகிறேன் என்ற சொல்லைத் தெரிந்தே போட்டேன். அதற்குமேல் எனக்கு நிச்சயம் இல்லாத இரவுகளும் உண்டு. அப்போது மாற்கின் அதே அதிகாரத்தில், பேய் பிடித்த மகனைக் கொண்டுவரும் தகப்பனின் ஜெபத்தைச் சொல்லிக்கொள்கிறேன்: என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும்.

பெற்றோரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். வேறொருவர் வாயால் அவர்கள் கேட்கக் கூடாது. சபைப் போதகரான ஐயரிடமும் சொல்லிவையுங்கள், எங்கள் ஐயர் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

இறந்த தேதியை வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். வருஷம் திரும்பும் வாரத்தில் கேள்வி மறுபடி வரும். இவனும் வந்தான், அதையே கேட்டான், நானும் அதையே சொன்னேன். அந்த ஞாயிறு காணிக்கைப் பை வந்தபோது, கைக்குட்டையின் மூலையில் போட்டிருந்த முடிச்சைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டிருந்தான்.