ஹோர்ட்டன் சமவெளிச் சுற்றுப்பாதை: ஒரு நாள் நடையைத் திட்டமிடும் முறை

இலங்கையின் மத்திய மலைநாட்டிலுள்ள தேசியப் பூங்காவான ஹோர்ட்டன் சமவெளிக்குப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் காலையில் எத்தனை மணிக்கு எழும்பலாம் என்பதிலிருந்து திட்டத்தைத் தொடங்குகிறார்கள். அங்கே மேகம் எத்தனை மணிக்கு வரும் என்பதிலிருந்து தொடங்கி, பின்னோக்கிக் கணக்குப் போட்டு, கடைசியாகத்தான் எழும்பும் நேரத்துக்கு வர வேண்டும். மற்ற ஏற்பாடுகளெல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும்.

பாதையைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபார் இன் என்னும் பழைய விடுதி இருந்த இடத்தில் தொடங்கி, சிறிய உலக முடிவு, உலக முடிவு என்னும் இரண்டு பாறை விளிம்புகளையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் தொட்டு, தொடங்கிய இடத்துக்கே திரும்பும் இந்த வளையம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமானது. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே நடக்கிறோம். பெரிய ஏற்றங்கள் இல்லை. ஆனால் மழைநீர் அரித்த பள்ளங்களும், உருண்டைக் கற்களும், பாதைக்குக் குறுக்கே முடிச்சு முடிச்சாகக் கிடக்கும் வேர்களும் இருப்பதால், மட்டமான நிலத்தில் நடக்கும் வேகம் இங்கே வராது. சாதாரண உடல்நிலை உள்ளவருக்கு மூன்று முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும்.

முதற்படி: நேரக் கணக்கு

உலக முடிவில் சமவெளியின் தென் விளிம்பு சட்டென்று அறுந்து, சுமார் 870 மீட்டர் கீழே விழுகிறது. வெயில் ஏற ஏற, தெற்கே உள்ள தாழ்நிலத்தின் ஈரக்காற்று சூடாகி அந்தப் பாறைச் சுவரை ஒட்டி மேலே எழுகிறது. மேலே வந்ததும் குளிர்ந்து மேகமாகத் திரள்கிறது. ஆகவே விளிம்பில் வந்து நிற்கும் வெண்மை, பனிமூட்டத்தைப் போல வெயில் வந்தால் கலைந்துவிடும் என்று காத்திருப்பதில் பயன் குறைவு. அதைக் கொண்டு வருவதே வெயில்தான். பெரும்பாலான நாட்களில் 9 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் பள்ளத்தாக்கு மூடிவிடுகிறது.

எனவே 8 மணிக்கு உலக முடிவில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபார் இன்னிலிருந்து அங்கே போக, சிறிய உலக முடிவில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால், 6.30க்கு நடக்கத் தொடங்க வேண்டும். நுழைவாயில் காலை 6 மணிக்குத் திறக்கும்; சீட்டு வாங்கவும், வாயிலிலிருந்து ஃபார் இன் வரை வாகனத்தில் செல்லவும், அங்கே பைகளைச் சோதிக்கவும் அரை மணி நேரம் எளிதில் போய்விடும். நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக வாயிலுக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ஆக, விடுதியை விட்டு 4.45க்குப் புறப்பட வேண்டும். பாடசாலை விடுமுறையிலும், பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தை ஒட்டிய நீண்ட வார இறுதியிலும் வாயிலில் வாகனங்கள் வரிசை கட்டும் என்பதால் இதையும் அரை மணி நேரம் முன்தள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் பலருக்கும் இடறுவது ரயில்தான். பதுளைப் பாதையில் பட்டிப்பொல, ஒஹிய என்னும் இரண்டு நிலையங்களும் பூங்காவுக்கு அருகிலேயே வரைபடத்தில் தெரிவதால், காலை ரயிலில் வந்து இறங்கி நடக்கலாம் என்று தோன்றும். ஒஹியவிலிருந்து ஃபார் இன் வரை சுமார் 11 கிலோமீட்டர், முழுவதும் ஏற்றம். பகல் ரயிலில் வருபவர் மேகம் மூடிய பின்னரே மேலே போய்ச் சேருவார். ரயிலில்தான் வர வேண்டுமென்றால் முதல் நாளே வந்து, இவ்விரண்டில் ஓர் ஊரில் தங்கி, விடிகாலைக்கு ஒரு வானையோ முச்சக்கர வண்டியையோ இரவே பேசி வையுங்கள். அந்த மலை ரயில்பாதை மண்சரிவால் தடைப்படுவதும் உண்டு. ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

இரண்டாம் படி: மாதம்

ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதே மாதங்களில் விடிகாலைப் புல்லில் உறைபனி படியும் நாட்களும் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும்.

மூன்றாம் படி: பையில் என்ன இருக்கலாம்

இங்கே கட்டுப்பாடுதான் பட்டியலைத் தீர்மானிக்கிறது. பொலித்தீன் எதையும் பாதைக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். லஞ்ச் சீட்டில் சுற்றிய சோற்றுப் பார்சல், மாரி பிஸ்கட் உறை, கடலைப் பைக்கற்று என ஒவ்வொன்றாக வெளியே வரும். தண்ணீர்ப் போத்தலைச் சுற்றியிருக்கும் லேபிளைக்கூடக் கிழித்துவிட்டுத்தான் போத்தலைத் திருப்பித் தருவார்கள். சிலருக்கு இது எரிச்சலூட்டும். எனக்கு இது மிகவும் சரியான விதி: வீதியோரம் வரை வந்து நிற்கும் மரைகள் என்னும் பெரிய மான்கள் உப்புச் சுவை ஒட்டிய பொலித்தீனைத் தின்றுவிடும், அதோடு மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் தரும் மேட்டுநிலம் இது. ரொட்டியையும் கட்டச்சம்பலையும் ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டால் சோதனை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

குடை வேண்டாம், விளிம்பில் வீசும் காற்றில் அது கைக்குத் தொல்லை. முழங்கால் வரை வரும் மழைக்கோட்டு போதும். தடித்த ஒற்றை ஜாக்கெட்டைவிட, கழற்றிக் கழற்றிப் பையில் வைக்கக்கூடிய இரண்டு மெல்லிய உடைகளே நல்லவை; 6.30க்குக் கை விறைக்கும், 9 மணிக்கு வியர்க்கும். அந்த உயரத்தில் வெயில் உறைக்காததுபோல இருந்துகொண்டே தோலைச் சுட்டுவிடும் என்பதால் தொப்பி கட்டாயம். சப்பாத்து பழகியதாகவும் அடிப்பகுதியில் ஆழமான வெட்டுகள் கொண்டதாகவும் இருக்கட்டும். தொலைபேசியில் வரைபடச் செயலி தேவையென்று நான் நினைக்கவில்லை: பாதை தெளிவானது, கிளைகளில் பெயர்ப்பலகை உண்டு. குளிரில் மின்கலம் வேகமாக இறங்குவதால் அதைப் படம் எடுக்க மிச்சம் பிடியுங்கள்.

நான்காம் படி: எந்தப் பக்கமாகச் சுற்றுவது

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் சிறிய உலக முடிவுப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். மேகத்துக்கு முன்பாகப் பார்க்க வேண்டிய இரண்டும் இந்தப் பக்கத்தில் அடுத்தடுத்து வந்துவிடும். மேகத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத நீர்வீழ்ச்சி கடைசியில் வரும். புல்வெளி முடிந்து காட்டுக்குள் நுழைந்ததும் மரங்கள் குட்டையாகி, கிளைகள் கோணி, பட்டையெல்லாம் பாசி தொங்கும். இங்கேதான் கண் மேலேயும் கால் வேரிலேயும் போகும். பார்ப்பதென்றால் நின்று பாருங்கள். விளிம்புகளில் தடுப்பு இருக்கிறது என்று நம்பி ஓரத்தில் படம் எடுக்காதீர்கள். ஈரப் பாறை வழுக்கும்.

பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் கிளைப்பாதை குறுகியது, ஆனால் இந்த நடையிலேயே செங்குத்தான பகுதி அதுதான். களைத்த முழங்காலோடு இறங்குவதால், அதற்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பக்கவாட்டாகக் கால் வைத்து இறங்குங்கள். கைத்தடி ஒன்று இருந்தால் அதன் பயன் இங்கே தெரியும். பெலிஹுல் ஓயாவின் நீர் தேநீர் நிறத்தில் அமைதியாகத் தெரிந்தாலும் இறங்கிக் குளிக்காதீர்கள். அது தடை செய்யப்பட்டது, ஆழமும் குளிரும் உயிரை வாங்கியிருக்கின்றன.

பிற்சேர்க்கை

வாசகர்கள் கேட்டவற்றில் இரண்டை இங்கே சேர்க்கிறேன். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் உறவினரை அழைத்துச் செல்பவர்கள், வெளிநாட்டவர் கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு என்பதையும், அதன்மேல் சேவைக் கட்டணமும் வரியும் சேரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சீட்டு வாங்கும் இடத்தில் எதிர்பாராத தொகையைக் கேட்டுத் திகைப்பதில் நேரம் போகிறது. அவர்கள் கடவுச்சீட்டையும், நீங்கள் தேசிய அடையாள அட்டையையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

சிறு பிள்ளைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்கள் முழு வளையத்தையும் சுற்ற வேண்டியதில்லை. சிறிய உலக முடிவு வரை போய் வந்த வழியே திரும்பலாம். அங்கிருந்தும் பள்ளத்தாக்கு நன்றாகவே தெரியும். வழியில் கழிப்பறை இல்லாததால் ஃபார் இன்னிலேயே அந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள். வான் சாரதியிடம் திரும்பும் நேரத்தை 11 மணி என்று சொல்லிவையுங்கள். முன்பே முடிந்தால் அவர் அங்கேதான் இருப்பார்.