பவளப்பாறைகளுக்கு நடுவே படகை நுழைத்து நிறுத்துவது எப்படி

வெப்பமண்டலத் தீவுகளுக்குப் படகில் போகிறவர்கள் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். என் கணக்கில் காலை பத்திலிருந்து பிற்பகல் மூன்றுக்குள் உள்ளே நுழைந்து நங்கூரம் போட்டாக வேண்டும். வெயில் உச்சியிலோ முதுகுப் பக்கமோ இருந்தால்தான் தண்ணீருக்கு அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியும். எதிர்வெயிலில் கடல் மொத்தமும் கண்ணைக் கூசும். பாறை இடித்த பிறகுதான் அங்கே பாறை இருந்ததே தெரியவரும். இருட்டிய பிறகு தீவை நெருங்கிவிட்டீர்களா? பாயைக் குறைத்துக்கொண்டு விடியும்வரை வெளியே ஆழ்கடலிலேயே நில்லுங்கள். இந்த விஷயத்தில் என்னிடம் சமரசமே கிடையாது.

நுழையும்போது என் கணவர் சுக்கான் பிடிப்பார், நான் படகின் முன்முனையான அணியத்தில் நிற்பேன். தண்ணீரின் நிறத்தைப் படிப்பதுதான் என் வேலை. கருநீலம் என்றால் நல்ல ஆழம். பச்சை கலந்த நீலம் என்றால் மணல் தரை மேலே வந்துகொண்டிருக்கிறது. வெளிறி வெள்ளையாகிவிட்டால் படகின் அடி தட்டும் அளவுக்கு ஆழம் குறைந்துவிட்டது. பழுப்போ மஞ்சளோ தெரிந்தால் பவளப்பாறை மேற்பரப்பை ஒட்டியே இருக்கிறது, உடனே விலகுங்கள். மேகத்தின் நிழலும் கடற்புல் திட்டும் பாறை மாதிரியே கருத்துத் தெரியும். நிழல் என்றால் நகரும். கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். போலராய்டு கண்ணாடி இல்லாமல் இந்த வேலைக்கு வரவே வராதீர்கள். கண்ணாடி போட்டும் பளபளப்பு அடங்கவில்லை என்றால் தலையை இப்படி அப்படிச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் மினுமினுப்பு அறுந்து தரை பளிச்சென்று தெரியும். பாய்மரத்தில் ஏற முடிந்தவர்கள் ஏறிக்கொள்ளுங்கள். மேலேயிருந்து பார்த்தால் இன்னும் வெகுதூரம் தெரியும்.

கத்திப் பேசாதீர்கள். எஞ்சின் சத்தத்திலும் காற்றிலும் 'இடது' என்று சொன்னது காதில் என்னவாக விழுமோ! போக வேண்டிய பக்கத்துக்குக் கை நீட்டினால் போதும், கையைத் தலைக்கு மேலே தூக்கினால் நிறுத்து. குடும்பத்தில் அமைதி நிலவவும் இது உதவும்.

அப்புறம் வரைபடம். ஒதுக்குப்புறத் தீவுகள் பலவற்றின் ஆழ அளவுகள் 19ஆம் நூற்றாண்டில் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கி எடுத்தவை. வரைபடத்தில் உள்ள தீவுக்கும் ஜிபிஎஸ் காட்டும் இடத்துக்கும் சில நூறு மீட்டர் வித்தியாசம்கூட வரலாம். அதனால் கிளம்பும் முன்பே செயற்கைக்கோள் படங்களை இறக்கி, ஓப்பன்சிபிஎன் போன்ற மென்பொருளில் வரைபடத்தோடு ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரையைப் பெரிதாக்கிப் பார்க்கவும் மறக்காதீர்கள். 2014 நவம்பர் 29 அன்று உலகைச் சுற்றும் வோல்வோ பந்தயத்தில் ஓடிய வெஸ்டாஸ் விண்ட் படகு, மொரிஷியஸுக்கு வடகிழக்கே கார்காடோஸ் கராஹோஸ் பவளத்திட்டில் இரவில் முழு வேகத்தில் மோதியது. மின்னணு வரைபடத்தைப் போதிய அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் அந்தத் திட்டு அவர்கள் கண்ணில் படவே இல்லை. நல்ல வேளை, படகில் இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். கைதேர்ந்த மாலுமிகளுக்கே அந்த கதி.

வளையமான பவளத் தீவுகளில் உள்ளே போகும் வாய் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பசிபிக்கின் துவாமோட்டு தீவுகளில் இதுதான் பெரிய தலைவலி. தெற்கே எழும் பெரிய அலைகள் பாறை விளிம்பைத் தாண்டி உள்ளே தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அவ்வளவும் அந்த ஒரே வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த நாட்களில் கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையை நம்பிப் பயனில்லை, நீரோட்டம் திரும்பாமல் மணிக்கணக்கில் வெளியே பாய்ந்துகொண்டே இருக்கும். எதிர்க்காற்றும் சேர்ந்தால் வாயில் செங்குத்தான அலைகள் எழும்பி நிற்கும். தொலைநோக்கியில் அது தெரிந்தால் வெளியே காத்திருங்கள். நீரோட்டம் அடங்கி நிற்கும் நேரம்தான் நுழைய ஏற்றது. எஞ்சின் முன்கூட்டியே ஓடட்டும். நங்கூரமும் போடத் தயாராக இருக்கட்டும்.

உள்ளே வந்ததும் மணல் திட்டாகத் தேடுங்கள். பவளத்தின் மேல் நங்கூரம் போட்டால் பல வருடம் வளர்ந்தது நொடியில் நொறுங்கும், உங்கள் சங்கிலியும் சிக்கும். ஆழத்தோடு அணியத்தின் உயரத்தையும் கூட்டி, அதைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விடுவது என் வழக்கம். மணல் திட்டு சிறியது, சுற்றிலும் பாறைத் தலைகள் என்றால் சங்கிலிக்கு மிதவை கட்டுங்கள். நங்கூரத்திலிருந்து ஆழத்தைவிடச் சற்று அதிக நீளத்துக்குச் சங்கிலி தரையிலேயே கிடக்கட்டும், அதுதான் நங்கூரத்தைப் படிய வைத்துப் பிடிக்கும். அதற்கப்புறம் சில மீட்டருக்கு ஒரு மிதவை. சங்கிலி பாறைகளுக்கு மேலே தொங்கி நிற்கும். காற்று திசை மாறிப் படகு சுற்றினாலும் எதிலும் சுற்றிக்கொள்ளாது. பிறகு முகக்கண்ணாடி மாட்டி இறங்கி, நங்கூரத்தின் கொழு மணலில் புதைந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மேலே நின்று சங்கிலியைத் தொட்டுப் பார்த்துத் திருப்திப்படுவது எனக்குப் போதாது.

மற்றவை சுருக்கமாக. தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம், அப்போது அந்தப் பக்கம் வேண்டாம். எந்த நாடானாலும் முதலில் நுழைவுத் துறைமுகத்தில் மஞ்சள் கொடி ஏற்றிப் பதிவை முடித்துவிட்டுத்தான் வெளித் தீவுகளுக்குப் போக வேண்டும். பவளப்பாறைகளில் வாழும் மீனைச் சாப்பிடும் முன் அந்தத் தீவுக்காரர்களிடம் கேளுங்கள்: சிகுவடெரா நஞ்சு சமைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது, பாராகுடா, விலாங்கு போன்ற பெரிய வேட்டை மீன்களில்தான் அதிகம். பவளம் கீறிய சிறு காயத்தையும் உடனே நன்னீரில் தேய்த்துக் கழுவி மருந்து போடுங்கள். விட்டால் சீழ் பிடிக்கும்.

கிளம்பும்போது சங்கிலி சிக்கிக்கொண்டால் எந்திரத்தால் பிடித்து இழுக்காதீர்கள். ஒருவர் தண்ணீரில் முகம் வைத்து மிதந்தபடி சங்கிலி எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று கை காட்டட்டும், அதற்கேற்பப் படகை மெல்ல நகர்த்தினால் தானாகக் கழன்றுவிடும். நுழைந்த தடத்தை ஜிபிஎஸ்ஸில் பதிந்து வைத்திருந்தால் அதே தடத்தில் வெளியே வாருங்கள். இரவில் காற்று மாறி அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால் கையில் இருப்பது அந்தத் தடம் ஒன்றுதான்.