அம்மிச்சி படத்தோடு ஓர் அரை நாள்

சிங்கப்பூரிலிருந்து காங்கயம் பக்கம் ஊருக்குப் போனால், கோயில், சீர், விருந்து என்று நாள் ஓடிவிடும். அதற்கு நடுவிலும் ஓர் அரை நாளைப் பழைய கேமராக்களுக்கும் படங்களுக்கும் ஒதுக்கிவிடுவேன். நம் பக்கத்தில் தலைமுறையாக ஸ்டுடியோ நடத்தியவர்களில் சிலர், கடையின் பின்கட்டையோ வீட்டு மாடியையோ சின்ன அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் பெயர்ப்பலகை இருக்காது. ஊரில் பழைய ஸ்டுடியோ எதுவோ அங்கே போய்க் கேளுங்கள். "அவுங்ககிட்டப் பழைய பொட்டிக் கேமராவெல்லாம் இருக்குதுங்க" என்று யாராவது வழி சொல்வார்கள்.

எப்போது போவது என்பதுதான் முக்கியம். இதை வைத்திருப்பவர் அநேகமாகக் கல்யாணப் படம் எடுக்கிறவர். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் அவரைப் பிடிக்க முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, ஆள் கடையிலேயே இருப்பார். நம் பிள்ளைகளின் டிசம்பர் விடுமுறையின் கடைசி நாட்களும் மார்கழியில்தானே வருகின்றன! முதல் நாளே போன் செய்து நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் போய் நிற்க வேண்டாம்.

கோவையில் இறங்குகிறவர்கள் ஈரோடு, திருப்பூர் பஸ்ஸுக்குக் காந்திபுரம் போக வேண்டும். கரூர்ப் பக்கம் என்றால் சிங்காநல்லூர், பொள்ளாச்சி, பழனிக்கு உக்கடம். நேரம் இருந்தால் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்து வந்த மனிதர் அவர். 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட்டும் கோவைக்காரர்தான். அவர் கட்டிய தியேட்டரின் பெயரால்தான் இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்கிறோம்.

சரி, கையில் என்ன கொண்டுபோவது? வீட்டில் மாட்டியிருக்கும் பழைய படம் ஒன்று. முடிந்தால் அம்மிச்சியோ (அம்மாவின் அம்மா) அப்பாருவோ (தாத்தா) ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டது. பின்பக்கம் திருப்பினால் கடையின் முத்திரையும், பென்சிலில் ஒரு நெகடிவ் எண்ணும் இருக்கலாம். மறு பிரதி கேட்டு வருகிறவர்களுக்காகப் போட்ட எண் அது. படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் தயவுசெய்து பிரிக்காதீர்கள். நான் ஒரு முறை பிரித்தேன். பெரியம்மாவின் வலது கன்னம் கண்ணாடியோடு போய்விட்டது, இன்றுவரை மனசு ஆறவில்லை. சட்டத்தோடு அப்படியே எடுத்துப் போங்கள்.

உள்ளே போனதும் கேமராக்களின் வரிசைதான் கண்ணில் படும். அக்பா கிளிக் த்ரீ, யாஷிகா, ஊட்டியில் தயாரான 'இந்து' பிலிமின் காலிப் பெட்டிகள். அவற்றை ஒரு சுற்றுப் பார்த்தால் போதும். நின்று பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, முக்காலியில் நிற்கும் மரக் கேமரா. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் பின்பக்கத்து மங்கல் கண்ணாடியில் எதிரே நிற்பவர் தலைகீழாகத் தெரிவார். என் மகள் அதற்குள்ளிருந்து வெளியே வர மறுத்தாள். இன்னொன்று கண்ணாடி நெகடிவ், அதாவது பிலிமுக்குப் பதிலாகக் கண்ணாடித் தகட்டில் பதித்த படம். ஓரத்தை மட்டும் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். முகத்தில் கறுப்பும் வெளுப்பும் மாறியிருக்கும். இன்னும் சாய்த்தால் கண்ணுக்கடியில், கன்னத்தில், மயிரிழை மாதிரி பென்சில் கோடுகள் தெரியும். அம்மைத் தழும்பையும் சுருக்கத்தையும் மறைக்க 'டச்சிங்' செய்த கை அது. ஒரு முகத்துக்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நீங்களாக எதையும் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்டால் கறை நிற்கும். படம் எடுக்கக் கேட்டுக்கொள்ளுங்கள், பிளாஷ் வேண்டாம். கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் சங்கடப்படுவார். கவரில் வைத்துக் கொடுங்கள். வெளிநாட்டு எண்ணில் ஜிபே ஓடாமல் போகலாம், ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிலிம் ரோல் வாங்கிப் போனால் முகம் மலர்ந்துவிடும். அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், லக்கேஜில் போட்டால் ஸ்கேனரின் கதிர் பட்டு பிலிம் மங்கிவிடும்.

போன ஆடியில் அம்மிச்சி படத்தை அப்படி ஒரு ஸ்டுடியோக்காரரிடம் நீட்டினேன். முகத்தைவிட்டு மணிக்கட்டைப் பார்த்தார். "இந்த வாட்ச்சு ஸ்டுடியோவுதுங்க. படத்துக்குன்னு கட்டி விடுவோம்" என்றார். அம்மிச்சி வாட்ச் கட்டியிருந்ததை நாங்கள் எத்தனையோ வருடமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அதைக் கேட்ட பிறகு அவள் மேல் இன்னும் பாசம் கூடியது.

அப்புறம் தன் பெட்டியைத் திறந்து காட்டினார். நூற்றுக்கணக்கான முகங்கள், ஒன்றிலும் பெயர் இல்லை. உங்கள் படத்தை அவர் ஸ்கேன் செய்துகொள்ளக் கேட்டால் சம்மதியுங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லி, பெயர், ஊர், தெரிந்தால் வருடம், யாருக்கு என்ன உறவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.