ஆர்வி பயணத்தில் வழியோர அருங்காட்சியகம்: முதல்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஆர்வி (படுக்கை, சமையலறையோடு வரும் வீட்டு வண்டி) ஓட்டிக்கொண்டு போகும்போது அங்கங்கே பழுப்பு நிறப் பலகைகள் வரும். வரலாற்று இடங்களுக்கும் பூங்காக்களுக்கும் வழி காட்டுபவை அவை. காரில் போகிறவர் பலகையைப் பார்த்ததும் திருப்பிவிடலாம். 30 அடி நீள வண்டியில் அப்படிச் செய்யக் கூடாது, முதல் நாள் இரவே கொஞ்சம் திட்டமிட வேண்டும். ரூட் 66 என்பது சிகாகோவிலிருந்து கலிபோர்னியா வரை போன பழைய நெடுஞ்சாலை; ஓக்லஹோமா மாநிலத்தின் கிளின்டன் ஊரில் அதற்கென்று இருக்கும் ஓக்லஹோமா ரூட் 66 அருங்காட்சியகத்தை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

படி 1: ஒரு நாளைக்கு ஒன்று

கிளின்டனிலிருந்து மேற்கே அரை மணி நேரத்தில் எல்க் சிட்டி, அங்கேயும் ஒரு ரூட் 66 அருங்காட்சியகம். டெக்சாஸ் எல்லையைத் தாண்டினால் மக்லீன் ஊரில் முள்கம்பிக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, பெயர் டெவில்ஸ் ரோப். மூன்றையும் ஒரே நாளில் பார்க்க ஆசை வரும். வேண்டாம். இரண்டாவது இடத்தில் கண் பார்க்கும், மனசு வாங்காது. புதியவர்களுக்கு நான் கிளின்டனைச் சொல்வேன். அங்கே இந்தச் சாலையின் கதை பத்துப் பத்து ஆண்டுகளாக, அறை அறையாக விரிகிறது.

படி 2: போன் செய்யுங்கள்

சிறிய அருங்காட்சியகங்கள் பலவற்றைத் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். ஞாயிறு, திங்களில் பூட்டியிருக்கலாம், குளிர்காலத்தில் நேரம் குறையலாம். இணையத்தில் இருக்கும் நேரத்தை மட்டும் நம்பாமல் கூப்பிட்டுக் கேளுங்கள். நியூ மெக்சிகோவிலிருந்து கிழக்கே டெக்சாஸுக்குள் வந்தால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடிவிடும். இதை மறந்து, மூன்றரை மணி என்று நினைத்து நாலரைக்குப் போய் மூடிய கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன்.

அதே போனில் இன்னொரு கேள்வி: "என் வண்டி இத்தனை அடி நீளம், எங்கே நிறுத்தலாம்?" பெரிய வண்டிகளை எங்கே விடுவது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

படி 3: நிறுத்தும் இடம்

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள்.

வண்டியின் உயரத்தை, மேலே இருக்கும் ஏசியையும் சேர்த்து, ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். பழைய ஊர்களில் ரயில் பாலங்கள் தாழ்வாக இருக்கும். பிறகு மேப்பில் சாட்டிலைட் படத்தைத் திறந்து, பார்க்கிங்குக்கு ஒரு வழிதானா, இரண்டு வழியா என்று பாருங்கள். உள்ளே போன வழியிலேயே ரிவர்ஸில் வரவேண்டிய இடம் என்றால் நுழையாதீர்கள். பக்கத்துத் தெரு ஓரம் அகலமாக இருந்தால், அனுமதி கேட்டு அங்கே விட்டு நடந்து போவது நல்லது. பின்னால் கார் இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பெரும்பாலான இழுவை அமைப்புகளில், காரைக் கழற்றாமல் ரிவர்ஸ் எடுக்க முடியாது.

திரும்பும்போது பின் சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதி எதிர்ப்பக்கம் வெளியே வீசும். இடதுபுறம் ஒடித்தால் வலது பின்மூலை வெளியே போகும். கம்பத்தை ஒட்டி நிறுத்திவிட்டு, கிளம்பும்போது சட்டென்று ஒடித்தால் அந்த மூலை கம்பத்தில் உரசும். முதலில் நேராகக் கொஞ்சம் முன்னே போய், அப்புறம் திருப்புங்கள்.

படி 4: இறங்கும் முன்

சமதளமா என்று பாருங்கள், கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் சரிவில் சரியாக வேலை செய்யாது. படிக்கட்டை மடக்குங்கள். நாயைக் கோடை வெயிலில் உள்ளே விட்டுப் போகாதீர்கள்.

படி 5: உள்ளே

குறைந்தது ஒன்றரை மணி நேரம் வையுங்கள். முதல் சுற்றில் எதையும் படிக்காமல் பத்து நிமிடம் நடந்து வாருங்கள். உங்களை நிற்கவைத்த மூன்று பொருள்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, இரண்டாம் சுற்றில் அவற்றின் அருகே நின்று படியுங்கள்.

ஒரு சிறு வரிசை தெரிந்திருந்தால் போதும், பார்ப்பதெல்லாம் தானாகக் கோத்துக்கொள்ளும். 1926 நவம்பர் 11 அன்று இந்தச் சாலைக்கு 66 என்ற எண் அதிகாரப்பூர்வமானது. சிகாகோவிலிருந்து கலிபோர்னியா வரை 8 மாநிலங்கள். 1930களில் புழுதிப் புயலும் வறுமையும் துரத்த, குடும்பம் குடும்பமாக இதன் வழியே மேற்கே போனார்கள். 1938இல்தான் முழுநீளமும் தளமிட்ட சாலையானது. 1956இல் மாநிலங்களை இணைக்கும் அகலச் சாலைகளுக்கான இன்டர்ஸ்டேட் சட்டம் வந்தது, அந்தச் சாலைகள் ஊர்களைச் சுற்றிக்கொண்டு போயின, 1985இல் 66 என்ற எண்ணே நீக்கப்பட்டது. இந்த ஊர்களின் பெட்ரோல் பங்க்குகளும் மோட்டல்களும் ஏன் மூடின என்பதற்கான பதில் இதற்குள் இருக்கிறது.

கவுண்டரில் இருப்பவரிடம் பேசாமல் வெளியே வராதீர்கள். நான் தவறாமல் கேட்பது: கறுப்பினப் பயணிகள் அந்தக் காலத்தில் இங்கே எங்கே தங்கினார்கள்? பல ஊர்களில் அவர்களுக்கு அறையோ சாப்பாடோ கிடைக்காது. அதனால்தான் நியூயார்க்கில் வாழ்ந்த தபால் ஊழியர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல், அவர்களை ஏற்கும் இடங்களைத் தொகுத்து 'கிரீன் புக்' என்ற கையேட்டைத் தொடங்கினார். பளபளக்கும் பழைய கார்களின் அழகில் இந்தப் பக்கம் மறைந்துபோகக் கூடாது.

உண்டியல் இருந்தால் பணம் போடுங்கள், சில்லறை நோட்டு வைத்திருங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

படி 6: உடனே பழைய சாலையில் ஓட்டுங்கள்

முதலில் அருங்காட்சியகம், பிறகு சாலை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பார்த்ததன் சூடு ஆறுவதற்குள் பழைய சாலையில் ஒரு துண்டாவது ஓட்ட வேண்டும். எந்தத் துண்டு உங்கள் வண்டிக்கு ஏற்றது, எது மூடியிருக்கிறது என்று கவுண்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஓக்லஹோமாவின் வடகிழக்கில் மயாமி ஊருக்கு அருகே ஒரு பழைய துண்டு வெறும் 9 அடி அகலம், ஆர்வியே 8 அடிக்கு மேல் இருக்கும். அங்கே நடந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிளின்டனிலிருந்து கிழக்கே போகிறவர்கள் ஹைட்ரோ அருகே, லூசில் ஹேமன்ஸ் 1941 முதல் 2000 வரை நடத்திய பழைய பெட்ரோல் நிலையத்தில் நிறுத்துங்கள். அவருடைய மோட்டல் பலகை இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டடம் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது, எதிரே இன்டர்ஸ்டேட் 40இல் லாரிகள் நிற்காமல் பறந்துகொண்டிருக்கின்றன.