பர்பன் வாங்குமுன் லேபிளைப் படியுங்கள்

பர்பன் என்பது பெரும்பாலும் மக்காச்சோளத்தில் வடிக்கும் அமெரிக்க விஸ்கி. அதன் மெழுகு முத்திரை, மரப்பெட்டி எல்லாம் விலையை ஏற்றும், ருசியை ஏற்றாது. நான் முதலில் தேடுவது ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்ற வரியைத்தான். 1897-ஆம் வருட அமெரிக்கச் சட்டப்படி, ஒரே ஆலையில் ஒரே பருவத்தில் வடித்து, குறைந்தது 4 வருடம் பீப்பாயில் கிடந்த 50 சதவீத ஆல்கஹால் உள்ள சரக்கு அது. ‘எவன் வில்லியம்ஸ்’ பிராண்டின் வெள்ளை லேபிள் இந்த ரகம், கையைக் கடிக்காது.

ஒப்பிட்டுப் பார்க்க, ஒரே மாதிரி கிளாஸ்களில் 15 மில்லி ஊற்றி, எது எதுவென்று தெரியாதபடி யாரையாவது மாற்றி வைக்கச் சொல்லுங்கள். வாயை லேசாகத் திறந்துகொண்டு முகர்ந்தால் மூக்கு அவ்வளவாக எரியாது. அப்புறம் சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகருங்கள். மேக்கர்ஸ் மார்க் பர்பனில் ரை தானியத்துக்குப் பதில் கோதுமை; அதனால் மென்மை. வைல்ட் டர்க்கி 101-இல் ரையின் காரம் நாக்கில் நிற்கும்.

ஓல்ட் ஃபேஷன்ட் என்ற காக்டெயில் கலக்க எனக்கு அந்தக் காரம்தான் வேண்டும். ஐஸ் கரையக் கரைய 40 சதவீத விஸ்கி சவசவவென்று ஆகிவிடும். 60 மில்லிக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரைப்பாகு, இரண்டு உதறு பிட்டர்ஸ் (மூலிகைக் கசப்புச் சாறு), ஆரஞ்சுத் தோல், அவ்வளவுதான். கோலா ஊற்றுவதென்றால் மலிவான பர்பனே போதும். பீப்பாயின் வெனிலா வாசம் அந்தத் தித்திப்பில் யாருக்குத் தெரியப்போகிறது?