கையால் சுருட்டிய சுருட்டை ருசித்து மதிப்பிடுவது எப்படி?

முதல் சுருட்டைப் பாதியில் அணைத்துவிட்டு "கசக்கிறது" என்று தள்ளிவிடுபவர்கள் நிறையப் பேர். அந்தக் கசப்பு பெரும்பாலும் அவசரமாக இழுத்ததால் ஏறிய சூட்டில் வருவது. இலையைப் பறித்து, உலர்த்தி, புளிக்கவைத்து, பதமாகும்வரை காத்திருந்து சுருட்டுவதற்குள் பெரும்பாலும் வருடங்கள் ஓடிவிடும். அந்த உழைப்புக்கு நியாயமாக மதிப்பெண் போட வேண்டுமானால், எந்தக் குறை சுருட்டியவருடையது, எது வைத்திருந்த விதத்தால் வந்தது, எது நம் கைப்பழக்கத்தால் வந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது, வாயோடு சரி. அப்படியும் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாக உடம்பில் சேரும். வாய்ப் புற்றுநோய் அபாயமும் இருக்கவே செய்கிறது. புகைக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம்.

படி 1: எதை எடுப்பது?

ரொபஸ்டோ அளவில் தொடங்குங்கள். சுமார் 5 அங்குல நீளம், 50 ரிங். ஒரு ரிங் என்பது அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு. ஆக 50 ரிங் சுருட்டின் குறுக்களவு சுமார் 20 மில்லிமீட்டர். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். சுருட்டு 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் இருந்ததாக இருக்கட்டும். காய்ந்தது சூடாக எரியும், ஈரம் மிகுந்தது அணைந்து அணைந்து போகும். இரண்டுமே வைத்திருந்தவர் செய்த குறை. வெறும் வயிற்றில் உட்காராதீர்கள்.

படி 2: பற்றவைக்கும் முன்

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே தெரியும் இலை ராப்பர். அதற்கு அடியில் பிடித்துக் கட்டும் இலை பைண்டர். நடுவில் நிரப்பியிருப்பது ஃபில்லர். ராப்பரில் லேசான எண்ணெய் மினுமினுப்பு இருக்கிறதா, நரம்புகள் தடித்திருக்கின்றனவா, ஓரங்கள் படிந்து ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போங்கள். சீரான மென்மை வேண்டும். ஓரிடத்தில் பொதபொதவென்று அமுங்கினால் அங்கே இலை குறைவு. கட்டியாக இருந்தால் புகை அங்கே தடைபடலாம்.

ஃபில்லர் அடுக்குவதில்தான் கைத்திறமை தெரியும். செடியின் மேல்பகுதியில் வெயிலை நிறைய வாங்கிய தடித்த இலை லிகெரோ: வீரியம் அதிகம், எரிவது மெதுவாக. நடு இலை செகோ வாசம் தரும், அடி இலை வொலாடோ நன்றாகப் பற்றும். லிகெரோவைச் சரியாக நடுவில் வைப்பார்கள். அது ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டால் அந்தப் பக்கம் எரியாமல் பின்தங்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், படி 4-இல் வேலைக்கு வரும்.

படி 3: வெட்டி, பற்றவைப்பது

வாயில் வைக்கும் தலைமுனையில் தொப்பிபோல் ஒட்டியிருக்கும் இலையின் ஓரக்கோடு தெரியும். அதற்கு மேலேயே, சுமார் 2 மில்லிமீட்டர் அளவுக்கு, கூர்மையான கட்டரால் ஒரே வெட்டு. கோட்டைத் தாண்டினால் ராப்பர் பிரிந்துவிடும். பற்றவைக்காமல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். காற்று லேசான தடையோடு வரவேண்டும். அப்போது நாக்கில் படும் ருசியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பியூட்டேன் லைட்டர் அல்லது மரத் தீக்குச்சி போதும். பெட்ரோல் லைட்டரின் வாடை சுருட்டில் ஏறிவிடும். தீ தொடாமல் சற்று மேலே பிடித்துச் சுழற்றி, அடிமுனையின் விளிம்பு முழுக்கக் கருக விடுங்கள். பிறகு சுழற்றிக்கொண்டே இரண்டு மூன்று இழுப்பு. முனையில் மெல்ல ஊதினால் கங்கு எங்கே பிடிக்கவில்லை என்று தெரிந்துவிடும்.

படி 4: மூன்று பங்காக ருசிப்பது

நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். கையில் பிடித்திருக்கும் இடத்தில் சூடு தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். புகையை வாயில் சில நொடி வைத்து வெளியே விடும்போது, கொஞ்சத்தை மட்டும் மூக்கு வழியாக விட்டுப் பாருங்கள். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு போன்ற சிலதான். மற்ற நயமெல்லாம் மூக்கின் வேலை. முதலில் கண்ணில் நீர் வரும், பழகிவிடும்.

ருசிக்குப் பெயர் வைக்கத் தடுமாறினால் பெரிய பிரிவிலிருந்து தொடங்குங்கள்: மண்ணா, மரமா, மிளகா, தோலா, காபியா, கோகோவா? மிளகென்று பட்டால், அது நாக்கு நுனியிலா தொண்டையிலா என்று அடுத்துக் கேளுங்கள். வீரியத்தையும் ருசியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தலை கிறுகிறுப்பது நிக்கோட்டினின் வீரியம். ருசி நிறைந்த சுருட்டு வீரியம் குறைந்ததாகவும் இருக்கும். கிறுகிறுப்பு வந்தால் நிறுத்திவிட்டு, தண்ணீர் குடித்து, இனிப்பாக ஏதாவது சாப்பிடுங்கள்.

முதல் பங்கு, நடுப் பங்கு, கடைசிப் பங்கு மூன்றுக்கும் தனித்தனியாக, அந்தந்த நேரத்திலேயே எழுதுங்கள். முடிந்தபின் எழுதினால் கடைசிப் பங்கின் காரம்தான் மனதில் நிற்கும். நல்ல சுருட்டு போகப்போக மாறும். அந்த மாற்றத்துக்கு நான் தாராளமாகவே மதிப்பெண் கொடுப்பேன்.

ஒரு பக்கம் மட்டும் எரிந்து சாய்ந்தால் ஒரு நிமிடம் விட்டுவிடுங்கள். தானே சமமானால் குறையாக எழுத வேண்டாம். திரும்பத் திரும்பத் தீ காட்ட வேண்டியிருந்தால் எழுதுங்கள், லிகெரோ ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கலாம். சாம்பல் வெள்ளையாக இருந்தால்தான் உயர்ந்த சுருட்டு என்பார்கள். அதன் நிறம் இலையிலுள்ள தாதுக்களைப் பொறுத்தது. உதிராமல் ஓர் அங்குலம் நிற்கிறதா என்று பார்ப்பதே பயன்.

படி 5: மதிப்பெண்

நான் பரிந்துரைப்பது நூற்றுக்கு இப்படி: தோற்றம் 10, இழுப்பும் எரிதலும் 25, ருசி 40, மாற்றமும் சமநிலையும் 25. சுருட்டை நசுக்கி அணைக்காமல் சாம்பல் தட்டில் வைத்துவிடுங்கள், தானே அணையும். நசுக்கினால் வாடை தங்கிவிடும்.

இந்த எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். கையால் செய்தது ஒன்றுபோல் இன்னொன்று இராது. அதே பெட்டியிலிருந்து இன்னொன்றைச் சில நாள் கழித்து, அதே நேரத்தில், அதே நிதானத்தோடு பிடியுங்கள். அதுவும் ஒரு பக்கமாக எரிந்தால், இழுப்பு அடைத்தால், குறை சுருட்டிய மேசையில் என்று தைரியமாக எழுதலாம். ருசி மட்டும் மாறியிருந்தால், அன்று நீங்கள் சாப்பிட்டதையும் இழுத்த வேகத்தையும் பார்த்துவிட்டு எண்ணைத் திருத்துங்கள்.